பூச்சி கடித்த இரவு

கண்டாவளை
ஐப்பசி மாதம்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. காலபோக விதைப்பு முடிந்து மழையும் பிடித்துவிட்டது. நீர் கேட்ட வயல் விபரத்தை எழுதுவதற்கு முன், இரண்டு கிழமைக்கு முன்னர் எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

பக்கத்து வீட்டுச் சிறுவன், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவன், விடியப்புறம் வயிற்றுக்குத்து என்று அழுதான். வீக்கமோ கடிகாயமோ தெரியாததால் தாய் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். சற்று நேரத்தில் அவனுடைய கண்மடல்கள் தாமாகச் சரிந்தன, பேச்சும் குழறியது. தகப்பன் பாயைத் தூக்கியபோது அடியில் எண்ணெய் விரியன், அதாவது கட்டுவிரியன் பாம்பு, சுருண்டு கிடந்தது. விசகடிப் பரியாரியார் வீடு கிட்ட இருந்தபடியால் முதலில் அங்கேதான் ஓடினோம். அவரோ பிள்ளையின் கண்ணைப் பார்த்தவுடனேயே, ஒரு கணமும் மறிக்காமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அந்த நேர்மையை நான் மறக்கமாட்டேன். விசமுறிப்பு மருந்து ஏற்றி, மூன்று நாள் செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பிள்ளையை மீட்டெடுத்தார்கள்.

கண்ணாடி விரியன் எனப்படும் புடையன் கடித்தால் நோவும் வீக்கமுமே ஆளை ஆஸ்பத்திரிக்கு விரட்டும். எண்ணெய் விரியன் கடியோ பலவேளைகளில் நுளம்புக் கடி அளவுக்கும் உறைக்காது. அந்த அமைதியை நம்பி விடியும்வரை பொறுத்திருப்பதில்தான் உயிர் போகிறது. 2012–2013இல் இலங்கை முழுவதும் வீடுவீடாக எடுத்த ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகளும் 400க்கு மேற்பட்ட மரணங்களும் நேர்வதாகக் கணித்திருக்கிறது.

இருட்டில் பாம்பின் பெயரைச் சொல்லாமல் ‘பூச்சி’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். நாகத்தைக் கண்டால் நாகதம்பிரானை நினைத்துக் கைகூப்பி வழிவிடும் எங்கள் சனம், வரம்பில் எலி பிடிக்கும் அப்பாவிச் சாரையை மட்டும் பொல்லெடுத்து அடிப்பது எனக்கு ஆறாத மனவருத்தம். அன்றைக்கு விரியனையும் அடித்துத்தான் கொன்றார்கள். பேத்தியாரோ பேரனுக்கும் அந்தப் பாம்புக்கும் சேர்த்தே புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே பேத்தியார்தான் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று இரவும் காத்திருந்தவர்.

பங்குனி உத்தரப் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தீர். வரும்போது பெரிய நுளம்பு வலைகள் நாலைந்து வாங்கி வாரும். பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட்டால் விரியன் உள்ளே வராது. இந்த ஒழுங்கையில் இன்னும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் நிலத்தில்தான் படுக்கிறார்கள்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்