நம்ம ஊர் மழைக்காரன் எழுதுவது

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் இயற்பியல் முடித்துவிட்டு டிவியில் வானிலை சொல்லப் போகிறேன் என்று நிற்கிறாளாமே. நாகர்கோவில் கேபிள் டிவியில் மழையைப் பேசியே வயிறு வளர்த்தவன் என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய். சரி, சொல்கிறேன்.

அவளுக்கு ரமணன் சார் ஞாபகம் இருக்கும். சென்னை புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016இல் ஓய்வு பெற்றவர். அவர் முகம் திரையில் வந்தாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். லீவு விடுவது கலெக்டர், பேர் வாங்கியது அவர்! ஆனால் அவர் வானிலைத் துறையின் விஞ்ஞானி. நான் துறை தரும் அறிக்கையை நம்ம ஊருக்குப் பிரித்துச் சொல்கிறவன். இவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று முதலில் கேள்.

பிரித்துச் சொல்வதும் லேசான காரியமில்லை. 'கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை' என்று ஒரே வரிதான் வரும். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. எந்த இடத்தில்? ஆனி மாதம் பேச்சிப்பாறையில் கொட்டும்போது ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுவதோடு சரி. குலசேகரத்து ரப்பர்காரர், "விடியக்காலம் பால் வெட்டலாமா?" என்று போனில் கேட்பார். வெட்டின பிறகு மழை வந்தால் சிரட்டையில் இருக்கிற பால் வெள்ளத்தோடு போய்விடுமே. அவரிடம் 'ஓரிரு இடங்கள்' என்றால் திட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

கடற்கரை விஷயம் வேறு. 2017 நவம்பர் 29ஆம் தேதி வெறும் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையிலேயே நமக்குத் தெற்கே புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் தங்கல் தொழிலுக்குப் போனால் நாள்கணக்கில் ஆழ்கடலில்தான். எச்சரிக்கையைக் கரையில் இருக்கிற பெண்கள் டிவியில் பார்க்கிறார்கள். படகில் கிடக்கிறவனுக்கு மொபைல் சிக்னலும் இல்லை, வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவியெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அன்றிலிருந்து நான் காற்றையும் அலையையும் முதலில் சொல்வேன், மழை கடைசியில்தான்.

கள்ளக்கடல் வருகிற நாளில் இதற்காகவே சண்டை. தெற்கே தூரத்தில் பெருங்கடலில் வீசிய காற்றின் அலை, இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போது வந்து ஏறும். ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தரும். அதை வாசிக்கப் போனால் எங்கள் எடிட்டர், "பளிச்சென்று வெயிலடிக்குது, எச்சரிக்கை எதுக்கு ஓய்?" என்பார். எனக்குத் தருவதே ரெண்டு நிமிஷம், அதிலும் பாதி நகைக்கடை விளம்பரம்.

சம்பளம் பற்றிக் கேட்காதே. ஐப்பசியில் அவளைக் கூட்டிக்கொண்டு வா, ஸ்டுடியோவுக்கு முன்னால் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தைக் காட்டுகிறேன். நேந்திரங்காய் சிப்ஸ் பார்சல் போட்டாச்சு, வந்ததும் போன் பண்ணு.

உன் கூட்டுக்காரன்