மூன்று பாகங்களையும் சேர்த்து வையுங்கள்

காவிரி டெல்டா மாவட்டங்களின் பொது நூலகங்களுக்கு நூல் தேர்ந்தெடுப்போருக்கும், கிளை நூலகர்களுக்கும், பள்ளி நூலகங்களைக் கவனித்துவரும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகளில் படித்து வளர்ந்து, இப்போது நடுவயதைக் கடந்துகொண்டிருக்கும் வாசகியர் சிலர், சிறுமிகளாக இருந்தபோது ஆங்கிலத்தில் படித்த ஒரு நாவல் வரிசையை மீண்டும் எடுத்துச் சேர்ந்து படித்துவருகிறோம். அந்த வாசிப்பிலிருந்து எழுந்த ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். ஒரு பிள்ளையின் வளர்ச்சியைப் பாகம் பாகமாகச் சொல்லும் நூல் வரிசைகளை வாங்கும்போது முழுமையாக வாங்குங்கள். வாங்கியவற்றை ஒரே அலமாரியில் வையுங்கள். பழையன கழிக்கும்போது ஒரு பாகத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றைத் துணையில்லாமல் விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் படித்துவருவது கனடாவைச் சேர்ந்த எல். எம். மாண்ட்கோமெரி எழுதிய எமிலி நாவல்கள். 1908-இல் வெளிவந்த முதல் நாவலால் உலகப் புகழ் பெற்றவர் அவர். நூலகங்களில் அவருடைய பெயரில் ஏதேனும் ஒரு நூல் இருக்குமானால் அது பெரும்பாலும் அந்த முதல் நாவலாகவே இருக்கும். எமிலி வரிசை அதற்குப் பின்னால் 1923, 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. பிரின்ஸ் எட்வர்ட் தீவில், காசநோயால் தந்தையை இழந்து நிற்கும் எமிலி பைர்ட் ஸ்டார் என்ற சிறுமியை யார் வளர்ப்பது என்று தாய்வழி உறவினர்கள் சீட்டுக் குலுக்கிப் பார்க்க, அவள் கண்டிப்பே உருவான பெரியம்மா எலிசபெத்தின் பண்ணை வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அந்த வீட்டின் பெயர் நியூ மூன். எழுத்தாளராக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அந்த ஆசைக்கு என்ன நேர்கிறது என்பதுதான் மூன்று பாகங்களின் கதையும்.

முதல் பாகத்தில் எங்கள் மனத்தை விட்டு அகலாதவை காகிதம் பற்றிய பகுதிகளே. தந்தை இறந்த துயரத்தினூடே, தான் எழுதிவைத்திருந்த மஞ்சள் நிறக் கணக்குப் புத்தகத்தைப் பெரியவர்கள் எடுத்துப் படித்துவிடக் கூடாது என்பதற்காக எமிலி அதை அடுப்பில் போட்டுவிடுகிறாள். நியூ மூனுக்கு வந்த பிறகு, அங்கே முன்பு அஞ்சலகம் நடந்த காலத்தில் மிஞ்சிப்போன படிவங்கள் பரணில் கட்டாகக் கிடப்பதை எலிசபெத்தின் தங்கை லாரா காட்டிக்கொடுக்க, அவற்றின் வெற்றுப் பின்பக்கத்தில் இறந்துபோன தந்தைக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்குகிறாள். மாண்ட்கோமெரியும் தாயைப் பச்சிளம் வயதில் இழந்து தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். அந்த வீட்டிலேயே அஞ்சலகம் இருந்ததால், அதே வகைப் படிவங்களின் பின்பக்கத்தில்தான் அவரும் சிறுமியாக எழுதிப் பழகினார். பிறகு உறவினர் ஜிம்மி வருகிறார். சிறு வயதில் கிணற்றில் விழுந்து அடிபட்டதால் ஊரார் விவரம் போதாதவர் என்று சொல்லும் மனிதர் அவர். தாம் கட்டிய கவிதைகளைத் தாளில் எழுதாமல் மனத்திலேயே வைத்திருப்பவர். எமிலிக்கு வெற்றுக் குறிப்பேடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கித் தந்துகொண்டே இருப்பவரும் அவர்தான்.

பயிர்க்கடன் ரசீதின் பின்புறத்திலும், சென்ற ஆண்டு நாட்காட்டியின் கிழித்த தாளிலும், அண்ணன் பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டின் மிச்சப் பக்கங்களிலும் எழுதிப் பார்த்த பெண்கள் எங்களிடையே உண்டு. நாற்று நடவும் அறுப்பும் நடக்கும் நாள்களில் வீட்டு வேலை முழுவதும் தங்கள் தலையில் விழ, எழுதியதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தவர்களும் உண்டு. பனி விழும் ஒரு தீவில் நடக்கும் கதை எங்களுக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவே காரணம்.

முதல் பாகத்தின் இறுதியில் கார்பென்டர் என்ற ஆசிரியர் எமிலியின் கவிதைகளைப் படித்துப் பார்த்து, 400 வரிகளில் 10 வரிகள் மட்டுமே தேறும், மற்றவை குப்பை என்று சொல்கிறார். 13 வயதில் 10 நல்ல வரிகள் எழுத முடிந்தவள் தொடர்ந்து எழுதத்தான் வேண்டும் என்ற முடிவுக்கும் அவரே வருகிறார். ஒரு பிள்ளையின் எழுத்தை இத்தனை மரியாதையோடும் இத்தனை கறாராகவும் படிக்கும் பெரியவர் ஒருவரைச் சிறுவர் நூலில் காண்பது அரிது. அந்த வெளிச்சத்திலேயே முதல் பாகம் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் வரும் கடினமான கதை பின்னிரண்டு பாகங்களில் இருக்கிறது.

என் கவலை தொடங்குவது இந்த இடத்தில்தான். நாங்கள் படித்த பள்ளி ஒன்றின் அலமாரியில் முதல் பாகம் மட்டுமே இருந்தது. இன்னொரு நூலகத்தில் முதல் பாகம் சிறுவர் பகுதியிலும், மூன்றாம் பாகம், கதாநாயகி பெரியவளாகிவிட்டாள் என்பதாலோ என்னவோ, பெரியவர்களின் ஆங்கில நாவல் வரிசையிலும் இருந்தன. இரண்டாம் பாகம் எங்குமே இல்லை. வாங்கும் பட்டியலில் ஒரு தலைப்பு இடம்பெறும், மற்றது விடுபடும். கிழிந்த படி நீக்கப்படும், அதற்கு ஈடாக வேறு படி வராது. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றும்போது கட்டு பிரிந்துபோகும். இவை யாருடைய அலட்சியத்தாலும் நேர்வதாக நான் கருதவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்: தலைமடையில் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று கணக்கு எழுதிக்கொண்டு, கடைமடை வயல் காய்வதைப் பாராமல் விடுவது போல, முதல் பாகத்தைக் கொடுத்துவிட்டு ஒரு சிறுமியைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறோம்.

அவள் எதை இழக்கிறாள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் பாகத்தில் எமிலி மேல்நிலைப் படிப்புக்காக அருகிலிருக்கும் ஊருக்குப் போக விரும்புகிறாள். எழுதுவதை அறவே விட்டுவிட்டால்தான் செலவு செய்வேன் என்று பெரியம்மா சொல்ல, ஜிம்மி இடையில் புகுந்து ஒரு சமரசம் செய்துவைக்கிறார்: படிக்கும் மூன்று ஆண்டுகளும் உண்மையல்லாத எதையும் அவள் எழுதக் கூடாது. கதை எழுதத் துடிக்கும் பெண்ணுக்கு இது சிறை என்றே சிறு வயதில் எங்களுக்குப் பட்டது. இப்போது படிக்கும்போது, அந்த மூன்று ஆண்டுகளில் அவள் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதக் கற்றுக்கொண்டாள் என்பதும், ஒரு மூதாட்டி சொன்ன பழைய நிகழ்ச்சியை அவர் சொன்னபடியே எழுதியதுதான் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது என்பதும் தெரிகின்றன. இதனால் பெரியம்மாவின் நிபந்தனை நியாயமாகிவிடாது. எழுதத் தெரிந்த பெண் அந்தத் தடைக்குள்ளும் தனக்கொரு தொழிலைக் கற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான். பத்திரிகைகள் அவளுடைய படைப்புகளைத் தொடர்ந்து திருப்பி அனுப்புகின்றன. ஏற்றுக்கொண்ட ஓர் இதழ் பணத்துக்குப் பதிலாகச் சந்தா தருகிறது. எழுத்தை ஆசையாக மட்டும் அறிந்திருக்கும் ஒரு பிள்ளை, அதை உழைப்பாக அறிந்துகொள்வது இந்தப் பாகத்தில்தான்.

மூன்றாம் பாகத்தைப் பற்றி எங்களிடையே நடந்த பேச்சே மிக நீண்டது. அந்தப் பேச்சின் பெரும்பகுதி டீன் பிரீஸ்ட் என்ற மனிதரைப் பற்றியது. எமிலியின் தந்தைக்கு நண்பராக இருந்தவர் அவர். அவளைவிட இருபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். முதல் பாகத்தில், செங்குத்தான கரையில் சரிந்து உயிருக்குப் போராடும் சிறுமியைக் காப்பாற்றிவிட்டு, காப்பாற்றியதால் அவளுடைய உயிர் இனித் தமக்கே சொந்தம் என்று சொல்கிறார். தன் உயிர் இன்னொருவருக்குச் சொந்தம் என்ற எண்ணமே எமிலிக்குக் கசக்கிறது என்று மாண்ட்கோமெரி அங்கேயே எழுதியிருக்கிறார். ஆனாலும் முதல் பாகம் மட்டும் கைக்குக் கிடைத்தவர்களுக்கு அவர் படித்த, பண்புள்ள, அவளைப் புரிந்துகொண்ட பெரியவராகவே மனத்தில் தங்கிவிட்டார். மூன்றாம் பாகத்தில் எமிலி தன் முதல் நாவலை எழுதி முடித்து, பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, அதை நம்பிக்கையோடு அவரிடம் படிக்கக் கொடுக்கிறாள். அழகாக இருக்கிறது, ஆனால் சாரமில்லை என்ற பொருளில் அவர் சொல்ல, அன்றிரவே அவள் அதை எரித்துவிடுகிறாள். எரித்த வேதனையில் அறையை விட்டு ஓடும்போது மாடிப்படியில் விழுந்து பல மாதங்கள் படுக்கையில் கிடக்கிறாள். நாவல் உண்மையில் நன்றாகவே இருந்தது என்றும், தம்மைவிட அதை அவள் அதிகம் நேசித்ததால் பொறாமையில் பொய் சொன்னதாகவும் அவர் ஒப்புக்கொள்வது நெடுநாள் கழித்து, இருவருக்கும் நிச்சயிக்கப்பட்ட திருமணம் முறிந்த பிறகுதான்.

இந்தப் பக்கங்களைப் படித்து முடித்தபோது எங்களில் ஒருவர், தம் கவிதை நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்த உறவினர் ஒருவரைப் பற்றி முதன்முறையாக எங்களிடம் பேசினார். அதன் பிறகு அவர் எழுதவே இல்லை என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெண்ணின் எழுத்தை நிறுத்துவதற்கு அதட்டலும் தடையும் தேவையில்லை, அவள் மதிக்கும் ஒருவரின் கனிவான ஒரு சொல்லே போதும் என்பதை இந்த நாவல் அறிந்திருக்கிறது. எழுத நினைக்கும் 14 வயதுப் பெண் ஒருத்தி இதைப் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் பாகத்தின் டீன் பிரீஸ்டை மட்டும் அவளிடம் கொடுத்து அனுப்புவது சரியல்ல.

அதே பாகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கதை என்றாலே பொய் என்று ஒதுக்கிவந்த பெரியம்மா எலிசபெத், தாமே விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கும் நாள்களில், அவருடைய பொழுது போவதற்காக எமிலி ஒரு நாவலை அத்தியாயம் அத்தியாயமாக எழுதிப் படித்துக்காட்டுகிறாள், அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதிப்பகங்கள் பல மறுத்ததால் பெட்டிக்குள் போய்விட்ட அந்த நாவலைத் தாமே எடுத்து இன்னொரு பதிப்பகத்துக்கு அனுப்பி வெளிவரச் செய்கிறவர், குறிப்பேடுகள் வாங்கித் தந்த அதே ஜிம்மி. முதல் பாகத்தில் விதைத்தவை அனைத்தும் மூன்றாம் பாகத்தில்தான் கதிர்பிடிக்கின்றன; நடுவே ஒன்று இல்லாமல் போனால் இந்த மனிதர்கள் எப்படி மாறினார்கள் என்பதே விளங்காது.

நூலகத்துறையில் இருக்கும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் இந்த மண்ணுக்குரிய ஒரு பெருமையை நினைவூட்ட விரும்புகிறேன். இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பதும் அடங்கும். அதே 1931-இல், மன்னார்குடிப் பகுதிக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சென்று படிக்கக் கொடுத்தவர் கனகசபைப் பிள்ளை. நாட்டுக்கே முன்மாதிரியாக 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் வழியில், வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியை இன்றும் நாங்கள் செலுத்திவருகிறோம். தொடர் வரிசையில் ஒரு பாகம் இல்லாதபோது, இருக்கிற பாகங்களுக்கும் வாசகர் குறைகிறார். அப்படிப் படிக்கப்படாமல் கிடப்பதே நாளை அவற்றையும் கழிப்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

அயல்நாட்டுக் கதைக்கு இத்தனை மன்றாட்டு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தி. ஜானகிராமனையும் கு. ப. ராஜகோபாலனையும் எம். வி. வெங்கட்ராமையும் தந்த பகுதியில் வாழ்கிறோம். அவர்களைப் படித்தே வளர்ந்தோம். பெண்களில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாம் கண்டறிந்த வாழ்க்கையை வைத்து 1936-இல் நாவல் எழுதிய மண் இது. அந்த நாவலும் டெல்டாவின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் எழுதக் கற்றுக்கொள்ளும் ஒரு சிறுமியை அவளுடைய முதல் கிறுக்கலிலிருந்து அச்சேறிய முதல் நாவல் வரை உடன் நடந்து காட்டிய நூலாக எங்களுக்கு வாய்த்தது எமிலி வரிசைதான். தமிழில் அப்படியொரு வரிசையை எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி எழுதட்டும்; அதுவரை இதையாவது அவள் முழுமையாகப் படிக்கட்டும்.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த மூன்று நாவல்களும் தமிழிலேயே கிடைக்க வேண்டும் என்பதையும் இத்தோடு சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். மாண்ட்கோமெரி 1942-இல் காலமானார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை என்ற நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அவர் வாழ்நாளில் வெளிவந்த இந்நாவல்களின் உரிமை 2002-ஆம் ஆண்டு முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆகவே இங்கே மொழிபெயர்த்து வெளியிட எவரிடமும் அனுமதியோ உரிமத்தொகையோ தேவையில்லை. தமிழாக்கம் வெளிவரும்போதும் முதல் பாகத்தோடு நின்றுவிடாமல், மூன்றையும் ஒருங்கே கொண்டுவரும் முயற்சிகளுக்கே நூலக ஆணை வழங்குமாறு வேண்டுகிறேன்.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. உங்கள் இருப்புப் பதிவேட்டைப் பார்த்து, தொடர் வரிசை நூல்களில் எந்தப் பாகம் எந்தக் கிளையில் இருக்கிறது என்று கண்டறிந்தால், மாவட்டத்துக்குள்ளேயே சிதறிக் கிடப்பவற்றை ஒரு கிளையில் சேர்த்துவிடலாம். புதிதாக வாங்க வேண்டியவை அதன் பிறகு மிகக் குறைவாகவே இருக்கும். சிறுவர் பகுதி, பெரியவர் பகுதி என்று பிரிக்க நேர்ந்தால், மூன்றையும் சிறுவர் பகுதியிலேயே வைத்துவிடுங்கள். எங்களைப் போன்றவர்கள் அங்கே வந்து எடுத்துக்கொள்வோம். எந்தக் கிளையிலேனும் எமிலி வரிசையில் ஒரு பாகம் குறைகிறது என்று வாசகர் வட்டத்தின் வழியாகத் தெரிவித்தால், எங்களிடம் உபரியாக உள்ள படிகளை நன்கொடையாகத் தர ஆயத்தமாக இருக்கிறோம். அவற்றில் சிலவற்றின் அட்டை நைந்திருக்கும்; பக்கங்கள் அனைத்தும் சரியாக உள்ளன.

இப்படிக்கு,
எமிலி நாவல்களை மீண்டும் படித்துவரும் டெல்டா வாசகியர் சார்பில் ஒருத்தி