தோட்டத்துச் சாளையும் எட்டுத் தோட்டா ரிவால்வரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள், மகிழ்ச்சி. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபித்திருப்பதும் தெரியும். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இன்று அவசரமாக எழுதக் காரணம், நீ துப்பாக்கி உரிமத்துக்குப் படிவம் வாங்கி வைத்திருப்பதாகவும், மேற்கு வங்கத்து ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் அந்த .22 ரிவால்வரைத்தான் (0.22 அங்குலக் குண்டு போடும் சிறிய கைத்துப்பாக்கி) எடுக்கப்போவதாகவும் நம் சின்னான் சொன்ன செய்திதான்.

உன் அச்சத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்துச் சேமலைகவுண்டம்பாளையத்தில் தாயும் தந்தையும் மகனும் தோட்டத்து வீட்டிலேயே கொல்லப்பட்டதையும், அடுத்த ஆண்டே சிவகிரிப் பக்கத்தில் ஒரு முதிய தம்பதி அதேபோல மாண்டதையும் படித்தவர்கள், கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு இல்லாத சாளை வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் கையில் ரிவால்வர் இருக்கிறது என்ற துணிச்சலில் நாய் குரைத்ததும் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு நீ வாசலுக்கு வந்துவிடுவாயே என்பதுதான் என் கவலை.

என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் நீ சுட்ட ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் விழுந்ததைப் பார்த்து ஹவில்தார் உன் முதுகில் தட்டினாரே, அன்று பிடித்த மோகம் உன்னை இன்னும் விடவில்லை! சுடுவதற்கு இதமானது, உதைக்காது, தங்கச்சியாலும் தூக்க முடியும் என்று நீ சொல்வதெல்லாம் உண்மையே. எட்டுத் தோட்டா கொள்ளும் அந்த ரிவால்வரின் எடை 250 கிராம் அளவுதான். ஆனால் அதிலிருந்து புறப்படும் குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்றே கூடுதல். ரைஃபிளின் நீண்ட குழலில் கிடைக்கும் வேகமும் குட்டைக் குழலில் கிடைக்காது. போதாக்குறைக்கு, .22 தோட்டாவில், அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் தீமருந்து அடிப்பாகத்தின் விளிம்பைச் சுற்றியே இருப்பதால், அது ஓரிடத்தில் சரியாகப் பரவாமல் போனால் துப்பாக்கியின் சுத்தி அடித்தும் தோட்டா வெடிக்காது. ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும் என்பாய். அந்த ஒரு நொடி உன்னிடம் இருக்குமா என்பதே என் கேள்வி.

சிறிய குண்டு கொல்லாது என்று நான் சொல்லவில்லை. 1968இல் அமெரிக்க அரசியல் தலைவர் ராபர்ட் கென்னடியின் உயிரைக் குடித்தது .22 ரிவால்வர்தான். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ரேகனைச் சுட்டவன் கையில் இருந்ததும் .22 தான், அவன் இரண்டு விநாடிக்குள் ஆறு முறை சுட்டதில் நால்வர் காயமடைந்தனர். தலையில் குண்டு பட்ட அவருடைய செய்திச் செயலர் பிரேடி வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் முடங்கினார். ரேகனுக்கோ தம் உடலில் குண்டு பாய்ந்திருப்பதே முதலில் தெரியவில்லை; நுரையீரலில் குண்டை வைத்துக்கொண்டே காரிலிருந்து இறங்கி மருத்துவமனைக்குள் நடந்து போனார். எழுபது வயது மனிதர் அப்படி நடக்க முடியுமானால், அரிவாளோடு உன் வாசலில் நிற்கும் இருபத்தைந்து வயதுக்காரன் உன்னிடம் வந்து சேர எத்தனை நொடி ஆகும்? அவன் நாளைக்குச் சாவது உனக்குத் தேவையில்லை. அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டாலன்றி எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அதை உறுதியாகச் செய்யாது. 1986இல் அமெரிக்காவின் மியாமியில் கொள்ளையருக்கும் எஃப்.பி.ஐ. என்ற மத்தியப் புலனாய்வுத் துறைக்கும் நடந்த மோதலில், .22ஐவிடப் பெரிய 9 மி.மீ. குண்டே ஒருவனின் இதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டு இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகளைக் கொன்றான். குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை எஃப்.பி.ஐ.காரர்கள் அதன் பிறகே வகுத்தார்கள்.

ஆகவே .32 வாங்கட்டுமா என்று கேட்பாய். நம் நாட்டில் பொதுமக்கள் பெரும்பாலும் வாங்கும் கைத்துப்பாக்கி அதுதான்; .22ஐவிட நம்பகமாக வெடிக்கும், குண்டும் இரு மடங்குக்கு மேல் கனம். ஆனாலும் வேகம் குறைவு. அதையும் நான் அரைமனதோடுதான் சொல்வேன். நிறுத்தும் வலு வேண்டுமென்றால் உன் அப்பாரு வைத்திருந்தாரே, அந்த 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கிதான் (ஒரே வெடியில் பல ரவைகளைச் சிதறும் நீளத் துப்பாக்கி) சரி. பெரிய ஈய ரவை போட்ட தோட்டா ஒன்று ஒரே வெடியில் செய்வதை .22 எட்டு வெடியிலும் செய்யாது. உன் தோள் அதைத் தாங்குமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்.

ஆயுதப்படையில் இருந்த காலத்தில் நான் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் நீ வெறுங்கையோடுதான் இருப்பாய். மே மாதம் பேரப்பிள்ளைகள் வரும்போது பீரோவில் பூட்டித்தான் வைக்க வேண்டும்; பூட்டிய துப்பாக்கி நடுச்சாமத்தில் உடனே கைக்கு வராது. சட்டமும் கண்மூடித்தனமாகச் சுட விடாது. இரவில் வீட்டை உடைத்துப் புகுபவனைத் தடுக்க, தேவைப்பட்டால் உயிரைப் பறிக்கும் அளவுக்கும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. தேங்காய் திருடிக்கொண்டு ஓடுபவன் முதுகில் சுட்டால் சிறைக்குப் போவது நீதான்.

நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். அந்த ரிவால்வருக்காக எடுத்துவைத்த பணத்தில் முதலில் உள்ளறைக்கு இரும்புக் கதவு போடு. களத்தில் நான்கு மூலையிலும் விளக்கு, படுக்கையிலிருந்தே அழுத்தும்படி ஒரு சைரன், மின்சாரம் போனாலும் இரண்டும் வேலை செய்யப் பேட்டரி. சத்தம் கேட்டால் இருவரும் உள்ளறைக்குள் புகுந்து தாழிட்டு 112ஐ அழையுங்கள். அதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், 12 போருக்கு விண்ணப்பி. பயிற்சிக்கு நானே உன்னை அழைத்துப் போகிறேன். அந்த ஆயுதம் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பதற்கு மட்டும்; வாசலுக்கு எடுத்துப் போவதற்கு இல்லை.

படிவத்தை நான் வரும்வரை கொடுக்காதே. உள்ளறைக் கதவு நிலையின் உயரம், அகலம், சுவரின் கனம் மூன்றையும் அளந்து எழுது; கோவையில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரரிடம் விலை கேட்டு வைக்கிறேன். தங்கச்சியிடமும் இதைப் படித்துக் காட்டு.

அன்புடன்,
உன் மச்சான்