சிங்கப்பூர் தோ பாயோ ஐயாவுக்கு நன்றி

ஐயா, சீனர்களின் ஏழாம் மாதத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காகிதம் எரிக்கும் புகையைப் பார்த்து, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் அம்மா முகம் சுளித்தார். லிஃப்டுக்குக் காத்திருந்த நீங்கள் கண்டிக்கவில்லை. "முன்னோருக்குப் படைக்கிறாங்கம்மா. நம்ம ஆடி அமாவாசை மாதிரிதான். நகர மன்றம் வச்ச தொட்டியிலதான் எரிக்கிறாங்க, பாருங்க" என்றீர்கள்.

அதோடு விடாமல், எரித்துக்கொண்டிருந்த சீனப் பாட்டியிடம் அழைத்துப்போய், மலாயில் பேசி அறிமுகமும் செய்தீர்கள். அதுதான் பெரிது. யாருக்குப் படையல் என்று அம்மா கேட்க, "புருஷனுக்கு" என்று பதில் வந்தது. அம்மாவும் அப்பாவைப் பற்றிச் சொன்னார், வெகுநேரம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில், ஒவ்வோர் இனத்தாருக்கும் இத்தனை வீடுகள் வரைதான் என்ற இன ஒதுக்கீடு 1989 முதல் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் குடிவைக்க அது போதும். பேசவைக்க நீங்கள் வேண்டியிருந்தது. பெயர் கேட்க விட்டுப்போயிற்று. அம்மா சார்பிலும் மனமார்ந்த நன்றி, ஐயா.