எடை குறைய எங்கள் சமையலைக் கைவிட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் எடையைக் குறைப்பதற்கென்று யாழ்ப்பாணத்தில் இப்போது கைபேசிக்குக் கைபேசி மாறிவரும் உணவு அட்டவணைகளைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். காலையில் ஓட்ஸ், மதியம் அவித்த புறொக்கொலி, இரவில் ஒலிவ் எண்ணெய் விட்ட சலாது என்று நீளும் இவற்றில் சோறும் பிட்டும் இடியப்பமும் தேங்காயும் தீண்டக்கூடாத பொருள்களாகவே காட்டப்படுகின்றன. பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால், அயலவர் பலர் இவற்றை என்னிடம் கொண்டுவந்து, “ரீச்சர், இது சரியோ?” என்று கேட்பதுண்டு. அடுத்த வருடத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறகும் உங்களால் இதைக் கடைப்பிடிக்க முடியுமென்றால் சரி, முடியாதென்றால் இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்பதுதான் நான் சொல்லும் பதில். வீட்டு அடுப்பில் வேகாத உணவை ஒரு குடும்பம் அவ்வளவு காலம் உண்பதை நான் கண்டதில்லை.

திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் முருங்கைக்காயும் புடலங்காயும் கீரைப்பிடிகளும் குவிந்து கிடக்கும்போது, இறக்குமதிப் பொருள்களைத் தேடி நகரத்துக் கடைகளில் அலைவது வீண் செலவு. அதைவிடப் பெரிய இடைஞ்சல் வீட்டுக்குள் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. எடை குறைக்க விரும்புபவரும் அவராகவே இருந்தால், பிள்ளைகளுக்கும் கணவருக்கும் பிட்டு அவித்துக் கொடுத்துவிட்டுத் தாம் மட்டும் வெள்ளரிக்காய்த் துண்டுகளுடன் அமர்ந்திருப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்?

கடுமையாகக் குறைத்து உண்பவருக்கு என்ன நேர்கிறது என்பது இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்திலேயே அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டிருக்கிறது. 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த ஆய்வுக்குத் தாமாக முன்வந்த 36 இளைஞர்கள், ஆறு மாத காலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவுடன், வாரத்துக்கு 22 மைல் நடந்தபடி வாழ்ந்தார்கள். அவர்களுடைய எடையில் காற்பங்கு குறைந்தது உண்மை. ஆனால் சோர்வும் எரிச்சலும் அவர்களைப் பீடித்தன, விழித்திருந்த நேரமெல்லாம் உணவைப் பற்றிய நினைப்பே மேலோங்கியது, கட்டுப்பாடு நீங்கியதும் அடங்காத பசியுடன் உண்டு பலர் முன்பிருந்ததைவிடக் கூடுதலான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று பரவிவரும் அட்டவணைகளில் 800 கலோரி, 1,000 கலோரி என்று எவ்விதத் தயக்கமும் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் குறித்த காலத்துக்கு மேற்கொள்ளப்படும் கடும் உணவுமுறை வேறு. அதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

நான் சொல்லும் முறையில் விலக்கப்பட்ட உணவு என்று எதுவும் இல்லை. அளவும் விகிதமும் மாறுகின்றன, அவ்வளவுதான். பிட்டையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் அரிசிமாவில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது; 100 கிராம் தேங்காய்ப்பூவிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. பிட்டுக்குள் தாராளமாகத் தேங்காய்ப்பூ, பக்கத்தில் தேங்காய்ச் சம்பல், மேலே முதற்பால் விட்ட கறி என்று வரும்போது ஒரே வேளையில் மூன்று வழியால் தேங்காய் வந்துசேர்கிறது. எங்கள் வீட்டில் நாங்கள் அந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். பிட்டில் தேங்காய்ப்பூ சேர்த்த நாளில் சம்பல் இல்லை. குழம்பும் பால் விடாத புளிக்குழம்பாகவே இருக்கும். சம்பல் வேண்டுமென்று வீட்டில் கேட்கும் நாளில் இடியப்பம் அவித்து, சொதியைத் தண்ணிப்பாலில் வைத்துவிடுவேன். முருங்கையிலையையோ துருவிய கரட்டையோ கலந்து பிட்டு அவித்தால் மாவின் பங்கு தானாகவே குறைந்துவிடுகிறது, வயிறும் நிறைகிறது. குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குரக்கனிலுள்ள மாப்பொருள் அரிசியிலுள்ளதைவிடப் பெரிதாகக் குறைந்ததல்ல. நார்ச்சத்தும் கல்சியமும் கூடுதலாக இருப்பதே அதன் சிறப்பு. அளவுக் கணக்கு அதற்கும் உண்டு.

மதியச் சாப்பாட்டில் கோப்பையின் நடுவே சோற்றைக் குவித்து, கறிகளை ஓரங்களில் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வைப்பது எங்கள் வழக்கம். நாங்கள் அந்த வரிசையை மாற்றினோம். முதலில் கீரை, வறை, மரக்கறி என்பவை கோப்பையின் பாதியைப் பிடிக்கும். மிச்சத்தைச் சோறும், மீனோ பருப்போ ஒன்றும் பங்குபோடும். உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் சோற்றின் கணக்கில் சேரவேண்டியவை. பலர் அவற்றை மரக்கறி என்று எண்ணிச் சோற்றோடு சோறாக உண்கிறார்கள். சூடையும் கீரிமீனும் விலை குறைந்தவை, புரதம் நிறைந்தவை; அவற்றைக் குழம்பாக வைத்தால் மீனின் கலோரிதான் உடலில் சேரும், பொரித்தால் எண்ணெயும் கூடவே வரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது, அது நல்லெண்ணெயாக இருந்தாலும் இறக்குமதி ஒலிவ் எண்ணெயாக இருந்தாலும் இந்த எண்ணில் வேறுபாடில்லை. மச்சம் சமைக்காத வெள்ளிக்கிழமைகளில் மீன் இருந்த இடத்தை அப்பளமும் மிளகாய்ப் பொரியலும் பிடித்துக்கொள்வதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். அந்த இடம் பயற்றுக்கும் கடலைக்கும் உரியது.

சோற்றைக் குறைப்பதில் காட்டும் வைராக்கியத்தை எங்களவர் தேநீரில் காட்டுவதில்லை. இரண்டு தேக்கரண்டி சீனியுடன் நாளுக்கு நான்கு தேநீர் குடிப்பவர் 35 முதல் 40 கிராம் வரை சீனியைக் குடித்து முடிக்கிறார். 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு, சேர்க்கப்படும் சீனி 50 கிராமுக்குள் இருக்கவேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின் கணக்கு. நம் நாட்டில் 2016 ஆகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் நிறக் குறியீடு இருக்கிறது: 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டவை செம்மஞ்சள். அந்த அளவுகோலை வீட்டுத் தேநீருக்குப் போட்டுப் பார்த்தால் அதுவும் செம்மஞ்சளில்தான் நிற்கும். விருந்தினர் வீட்டில் தேநீரை மறுப்பது மரியாதைக் குறைவு என்பதை நான் அறிவேன். சீனி வேண்டாம் என்று சொல்வதில் அந்தக் குறைவு இல்லை. மாலை நேரத்து ரோல்ஸ், பற்றிஸ் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. தினமும் உண்பதை வாரத்துக்கு ஒருமுறை என்றாக்கினால் போதும்.

இதே பிட்டையும் சம்பலையும் உண்டுதானே எங்கள் பெற்றோர் மெலிந்திருந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு ஞாபகமூட்ட வேண்டிய ஒன்று உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் கிடைக்காமல் இந்தக் குடாநாடு சைக்கிளில் ஓடியது. நீர் இறைப்பதும் விறகு கொத்துவதும் அன்றாட வேலைகளாக இருந்தன. அந்த இல்லாமையை நான் மெச்சவில்லை, அது யாருக்கும் திரும்ப வரவேண்டாம். ஆயினும் அன்று உண்டதை எரிக்கும் வேலை அன்றே இருந்தது. இன்று சந்திக் கடைக்குப் பாண் வாங்கவும் மோட்டார் சைக்கிளில் போகிறோம்; 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது மட்டும் பழைய சைக்கிள்கள் மீண்டும் வெளியே வந்தன. நடையோ சைக்கிளோ தனியே நின்று எடையைப் பெரிதாகக் குறைக்காது, குறைந்த எடை திரும்ப ஏறாமல் காப்பதில்தான் அதன் பலன் தெரியும்.

எவ்வளவு குறைய வேண்டும் என்பதிலும் வீண் மயக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஒரு பிரிவினருக்கு உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் மட்டுமே இலக்குகளாக இருந்தன. நீரிழிவின் விளிம்பில் நின்ற அந்தப் பிரிவினரிடையே புதிதாக நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. எங்களைப் போலச் சோறுண்ணும் சென்னை மக்களிடையே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதபோதும், உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களிடம் நோய் வருவது ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்திருக்கிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோவுக்கும் குறைவு. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். மிக விரைவாக இளைப்பவர்களுக்குத் தசை கரைவதும் பித்தப்பையில் கல் உண்டாவதும் நேரலாம். எங்கள் வீட்டில் சில மாதங்களில் தராசு முள் அசையவே இல்லை, ஆனால் என் கணவரின் இடுப்புப் பட்டி தளர்ந்துகொண்டே வந்தது. இடுப்பளவைப் பார்ப்பது நல்லது: தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லைகள். உடற்திணிவுச் சுட்டெண்ணிலும் (கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) ஆசிய மக்களுக்கு 25க்குப் பதிலாக 23இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியிருக்கிறது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 59 கிலோ.

கந்தசஷ்டி போன்ற விரத காலங்களை எடை குறைக்கும் வாய்ப்பாகப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். விரதம் வழிபாட்டுக்குரியது, அதில் நான் தலையிட விரும்பவில்லை. ஆனால் நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர்களும் சிலவகை மாத்திரைகளை உட்கொள்பவர்களும் வேளை உணவைத் தவிர்த்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். விரதமோ புதிய உணவுமுறையோ, தொடங்குமுன் அவர்கள் தமது வைத்தியருடன் கதைத்து மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்வது கட்டாயம்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்று உறுதி கூறும் மாவு வகைகளுக்கும் தேநீர் வகைகளுக்கும் உரிய விளம்பரங்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஏற்காதிருக்க வேண்டும். வார இதழ்ப் பக்கத்தில் வரும் சமையற் குறிப்புகளில் ‘தேவையான அளவு தேங்காய்ப்பால்’, ‘பொரிக்க எண்ணெய்’ என்று எழுதுவதை விட்டு, எத்தனை பேருக்கு எத்தனை கிராம் என்றும், ஒருவரின் பங்கில் எவ்வளவு கலோரி என்றும் குறிப்பிட்டால், ஒடியற்கூழ் முதல் கத்தரிக்காய்ப் பால்கறி வரை எங்கள் உணவுகளுக்கென்று ஒரு கணக்கு உருவாகும். மருத்துவ பீடத்தினரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் அதைச் சரிபார்த்து உதவுவார்கள் என்று நம்புகிறேன். பிட்டு, இடியப்பம், சொதி, வறை வகைகளை வீட்டில் நிறுத்து அளந்து நான் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளைத் தாங்கள் விரும்பினால் அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை,
கொக்குவில்.