பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். அறிக்கையின் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன், திறந்தாவது பாருங்கள்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. ஆறாவது கூட்டத்துக்குத் தலைவரும் நானும் மட்டும் வந்தோம், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. புதிய மாணவர்களுக்கு அறிமுகக் கூட்டம் நடந்தது. பழைய பாடநூல் பரிமாற்றம் வழக்கம்போல் நடந்தது. மோசடி வேலை விளம்பரங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு மாலை பேசினோம். சேருவதற்கு முன்பே பணம் கட்டச் சொன்னால் அது வேலையே இல்லை என்பதுதான் அதன் சாரம். விளையாட்டுப் போட்டி நடக்கவில்லை. பதினொரு பேருக்கு ஒரே நாளில் ஓய்வு கிடைக்கவில்லை.

தூக்கம் பற்றிப் பேச ஒரு மருத்துவரை அழைத்திருந்தோம். 18 முதல் 25 வயது வரை இருப்பவர்களுக்கு இரவில் 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது என்று அவர் தொடங்கியபோது அரங்கில் சிரிப்பு. விடாமல் 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்றதும் சிரிப்பு நின்றது. காலை ஆறு மணிக்கு எழுந்து, வகுப்பு முடித்து, கடை மூடும்வரை நின்றுவிட்டு, இரவு பதினொரு மணிக்கு வண்டியை எடுக்கிறார் ஒருவர். அவருக்கு அந்தப் 17 மணி நேரம் சரியாக அப்போதுதான் முடிகிறது. நம்மில் எத்தனை பேர் அந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிறோம் என்று நான் கையைத் தூக்கச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

இனி நேரக் கணக்கு நோட்டு. இது என் யோசனை என்பதாலும், சங்கப் பணத்தில் அச்சடித்தது வீண் செலவு என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்ததாலும் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதை வகுப்பு, படிப்பு, வேலை, பயணம், தூக்கம், மற்றவை என்று ஆறு கட்டங்களில் நான்கு வாரம் குறித்துத் தர வேண்டும், அவ்வளவுதான். நாற்பது பேர் வாங்கிப் போனார்கள். பதினேழு நோட்டு திரும்பி வந்தது. அதிலும் மூன்றில் முதல் வாரத்துக்குப் பிறகு வெறும் தாள். குறிக்க நேரமில்லை என்றார்கள். நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தானே நோட்டே என்று நான் திருப்பிக் கேட்டதை ஒருவர் மனத்தில் வைத்துக்கொண்டு இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

முதலில் படிப்பின் கணக்கு. அதை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்ததில்லை. ஐரோப்பியக் கல்லூரிகளின் பொதுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 60 கிரெடிட். 1500 முதல் 1800 மணி நேரம் ஆகிறது. நாற்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 38 முதல் 45. அதாவது படிப்பே ஒரு முழுநேர வேலை. அதன்மேல் நாம் 25 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, அதற்குப் 'பகுதிநேரம்' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

தூக்கத்துக்கு 56, படிப்புக்கு 40, வேலைக்கு 25 கழித்தால் மிச்சம் 47. குளிப்பது, துவைப்பது, சாப்பிடுவது என்று நாளுக்கு மூன்று மணி நேரம் போனால் 26. சரி, பரவாயில்லையே என்று தோன்றும். பயணக் கட்டத்தைப் பார்க்கும் வரைதான் அது. கல்லூரிக்கும் வேலைக்கும் அறைக்கும் இடையே அலைவதிலும், வகுப்பு முடிந்து ஷிப்ட் தொடங்கும்வரை எங்காவது உட்கார்ந்திருப்பதிலும் நாளுக்கு இரண்டு மணி நேரம் கரைவதாகப் பலர் எழுதியிருந்தார்கள். அதைக் கல்லூரியும் கணக்கில் எடுப்பதில்லை, முதலாளியும் எடுப்பதில்லை. மிஞ்சுவது வாரத்துக்கு 12 மணி நேரம். காய்ச்சல் வந்தால், ஊரில் ஒரு விசேஷம் என்றால், நண்பன் அழுதால் எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் நடக்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் வேலை பார்த்தால் படிப்பு தாங்கும் என்பதில் செயற்குழுவில் சண்டையே வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் பிரிட்டனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். கனடா 2024 நவம்பரில் 20-ஐ 24 ஆக்கியது. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48, ஜப்பானில் வாரத்துக்கு 28. இதெல்லாம் விசா விதி, உடம்பையும் மதிப்பெண்ணையும் அளந்து போட்டதல்ல என்று துணைத்தலைவர் சொன்னது நியாயம்தான். ஆய்வுகளில் பெரும்பாலானவை 15 மணி நேரம் வரை பெரிய பாதகம் இல்லை, 20-ஐத் தாண்டினால் மதிப்பெண் சரியத் தொடங்குகிறது என்கின்றன. அதிக நேரம் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பணமுடை உள்ளவர்கள் என்பதால், சரிவுக்கு நேரம் எவ்வளவு காரணம், முடை எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கஷ்டம். வாடகையும் கட்டணமும் பாக்கி இருப்பவரிடம் போய் 20 மணி நேரத்தோடு நிறுத்து என்று தீர்மானம் போட நமக்கு என்ன உரிமை? தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பதை நான் ஆதரித்தே வாக்களித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆனால் நோட்டுகளைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. கல்லூரி நூலகத்திலேயே 22 மணி நேரம் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினருக்கு அரியர் இல்லை. 14 மணி நேரம் மட்டும் வேலை பார்க்கும் இன்னொருவருக்கு மூன்று பேப்பர் நிற்கிறது. அவருடைய 14 மணி நேரமும் இரவு ஷிப்ட். ஞாயிறு இரவு முடித்துவிட்டுத் திங்கள் முதல் வகுப்புக்கு ஓடி வருகிறார், வந்து தூங்குகிறார். அந்த வார ஷிப்ட் எது என்பதே அவருக்கு முந்தைய நாள் இரவுதான் தெரியும். பதினேழு நோட்டை வைத்து விதி எழுத முடியாது, தெரியும். ஆனால் இதைக் கொண்டுபோய்த் துறைத்தலைவரிடம் காட்டியதில், இன்டர்னல் தேர்வுத் தேதியை இரண்டு வாரம் முன்பே அறிவிக்க ஒப்புக்கொண்டார்கள். அச்சுச் செலவைப் பற்றிப் பேசியவர்களும் அந்தத் தேதிகளை வைத்துத்தான் இந்த முறை லீவு கேட்டார்கள்.

மனநல ஆலோசகரைப் பார்க்கும் நேரம் பத்து முதல் நான்கு என்று இருந்தது. அந்த நேரத்தில் நம் ஆட்கள் வகுப்பில் இருப்பார்கள், இல்லையென்றால் வேலையில். அலைந்து, எழுதி, மறுபடி எழுதி, வாரத்தில் ஒரு மாலை வாங்கினோம். முதல் இரண்டு வாரம் ஒருவரும் போகவில்லை. தொடரட்டுமா என்று அவரே என்னிடம் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது வாரம் நானே போய் உட்கார்ந்தேன், சங்கத்தின் மானத்துக்காக என்று நினைத்துக்கொண்டு. ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். அதற்கு மேல் அறிக்கையில் எழுத வேண்டியதில்லை. அந்த மாலை நேரம் இன்னும் இருக்கிறது.

ஓர் உறுப்பினருக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது. வேலைக்குச் சேர்ந்த கடிதம் இல்லை. ஆனால் ஷிப்ட் நேரம் சொல்லி வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தார். அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, தலைவரும் நானும் நான்கு முறை நடந்து வாங்கிக் கொடுத்தோம். மற்றவர்களும் அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். பணம் கைக்கு வந்த அன்று நன்றி சொன்னவர், அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை. சந்தாப் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது.

சந்தா என்றதும் நினைவு வருகிறது. அரியர் என்றால் நமக்குத் தேர்வு, பொருளாளருக்கு நாம். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா தரவில்லை, சிலர் சென்ற ஆண்டுடையதையும். கையில் பணமில்லாதவர் ஒரு வார்த்தை சொன்னால் தள்ளுபடி செய்ய விதியில் இடம் இருக்கிறது, யாரும் கேட்பதுதான் இல்லை. வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய எதிர்பார்த்ததே, இடைவெளியைச் சென்ற ஆண்டு இருப்பிலிருந்து சமாளித்தோம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவருக்குத் தேர்வு முடிந்ததும் தணிக்கைக்குக் கொடுப்பார்.

அறை தந்த கல்லூரி நிர்வாகத்துக்கும், மருத்துவருக்கும், ஆலோசகருக்கும், நாற்காலி அடுக்கிய இரண்டு முதலாண்டு மாணவர்களுக்கும் நன்றி. மார்ச் கூட்டத்துக்குச் செயலாளரே வரவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஒரே பதில்தான்: அன்று எனக்கு ஷிப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை. இந்தச் சங்கத்தில் அது ஏற்கத்தக்க காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு எனக்கு இறுதியாண்டு, புராஜெக்ட் வேறு. என் சொந்த நோட்டில் மிச்சம் 12 கூட இல்லை, ஒன்பதுதான். ஆகவே செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று சென்ற ஆண்டும் யோசித்தேன், அதன் விளைவுதான் இந்த அறிக்கை. அச்சடித்ததில் இருபது நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, புதிதாகச் செலவு ஒன்றும் ஆகாது. வாங்கிப்போய்த் திருப்பித் தராத இருபத்து மூன்று பேர் இப்போது தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு ஷிப்ட் தொடங்க இன்னும் நாற்பது நிமிடம்தான் இருக்கிறது. கேள்விகளைத் தயவுசெய்து எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்