ஸ்கோர் ஷீட்டில் இடமில்லாதவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூடைப்பந்தில் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார் என்று சென்ற ஞாயிறன்று எழுதியிருந்தீர்கள். ஜோர்டான், லெப்ரான், கோபி மூவரின் படம், கீழே ஆளுக்கு எத்தனை புள்ளி என்று ஒரு கட்டம். இரண்டு முறை தேடினேன், பில் ரஸ்ஸல் பெயர் எங்கும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். எங்கள் வட்டாரப் போட்டிகளில் இருபத்தெட்டு வருடமாக டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுகிறேன். பாஸ்கெட் விழுந்தால் எண் மேல் சாய்கோடு, ஃப்ரீ த்ரோ என்றால் கறுப்புப் பொட்டு, மூன்று பாயின்ட் என்றால் ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி வட்டம். ஃபவுலுக்கும் டைம் அவுட்டுக்கும்கூடக் கட்டம் உண்டு. ஆனால் விழவேண்டிய பந்தை ஒருவன் எழும்பித் தட்டிவிட்டால், அதாவது பிளாக் செய்தால், அதை எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது.

ரஸ்ஸல் அந்த இடமில்லாத ஆட்டத்தை ஆடியவர். 1956 முதல் 1969 வரை அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 13 சீசன், 11 பட்டம். அதில் 1959 முதல் 1966 வரை எட்டும் தொடர்ச்சியாக. புள்ளி சராசரி ஆட்டத்துக்கு 15தான், உங்கள் கட்டத்தில் ஏற மாட்டார், சரி. ரீபவுண்ட், அதாவது குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது, அதில் சராசரி 22-க்கு மேல். 1960இல் சிரகியூஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 51 எடுத்தார். பிளாக் மொத்தம் எத்தனை? அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. அதை எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில். அதற்கு நாலு வருடம் முன்பே அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார்.

அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளைப் பேரனின் போனில் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். நம் பையன்கள் பிளாக் என்றால் பந்தைக் கூட்டத்துக்குள் அறைவார்கள். விசில் பறக்கும், பந்து மறுபடி எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் அறைய மாட்டார், தட்டிக் கோட்டுக்குள்ளேயே வைப்பார். இடதுகைக்காரர் வேறு, வலதுகைக்காரன் எறிந்தால் அந்தக் கை நேர் எதிரே வந்து நிற்கும். தட்டிய பந்து அணித்தோழர் பாப் கூசியிடம் போகும், அடுத்த மூச்சில் அந்தப் பக்கம் பாஸ்கெட். தாளில் பாஸ்கெட் போட்டவர் எண் மட்டும் ஏறும்.

அவர் ஊரும் அவரைச் சரியாக எண்ணவில்லை. அத்தனை பட்டம் வாங்கித் தந்தவரின் வீட்டை, கறுப்பர் என்பதற்காகவே உடைத்து அசிங்கம் செய்தார்கள். 1961இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் ஒரு காட்சிப் போட்டிக்குப் போனபோது, கறுப்பின வீரர்களுக்கு ஓட்டலில் சாப்பாடு தர மறுத்தார்கள். ரஸ்ஸலும் அவருடைய கறுப்பினத் தோழர்களும் ஆடாமலே ஊர் திரும்பினார்கள். 1966இல் ஆடிக்கொண்டே பயிற்சியாளரும் ஆனார், என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். 1969 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்துக்கு எதிரணியான லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் தரப்பினர் தங்கள் அரங்கின் கூரையில் வெற்றி பலூன்களைக் கட்டிவைத்துக் காத்திருந்தார்கள். செல்டிக்ஸ் 108-106 என ஜெயித்தது, பலூன்கள் மேலேயே கிடந்தன. ஆட்டக்காரராக அதுதான் அவருக்குக் கடைசி ஆட்டம்.

2022 ஜூலை 31 அன்று காலமானார். அவருடைய 6ஆம் எண்ணை இனி எந்த அணியும் புதிதாக யாருக்கும் தரக்கூடாது என்று என்.பி.ஏ. அறிவித்தது. அப்போது அதை அணிந்துகொண்டிருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. நீங்கள் படம் போட்ட லெப்ரான் அவர்களில் ஒருவர். மறு வருடம் அவராகவே 23-க்கு மாறிக்கொண்டார்.

ஒரு வேண்டுகோள். மாவட்டப் போட்டிச் செய்திகளில் 'அதிகபட்சமாக இன்னார் 24 புள்ளி எடுத்தார்' என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். ரீபவுண்டையும் பிளாக்கையும் ஒரு வரி சேருங்கள். உங்கள் நிருபர் ஆட்டம் முடிந்ததும் டேபிள் பக்கம் வந்தால் போதும். ஒரு மாணவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதற்கென்றே நாற்பது பக்க நோட்டில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காரைக்குடி.